அவள் எழுதினால் சுத்தம்

என் கணவர் அவளை அழகி என்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் சண்டை போட்டு முடித்திருப்பேன். அழகு விஷயத்தில் நான் யாரோடும் போட்டிக்கு நிற்பதில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அம்மிணி, அந்தப் புள்ள எழுதற கோடிங்கப் பாத்தியா? என்ன சுத்தமா இருக்குது" என்றார். சட்னிக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"ஏனுங்க, அப்ப என்னுது அழுக்கா இருக்குதுங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

சொல்லவில்லைதான். அதுதான் என் ஆத்திரமே. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் எழுதியதை அவர் அழுக்கு என்றும் சொன்னதில்லை, சுத்தம் என்றும் சொன்னதில்லை. "ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுங்க" என்பேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கோடிங்குக்குச் சுத்தம் என்று ஒரு பாராட்டு உண்டு, அது அவர் வாயிலிருந்து வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் இன்னொருத்திக்கு வந்தபோது.

நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்பது பெரிய வார்த்தை. அவரும் நானும், இரண்டு மேசையும், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலையும். எடை மேடைகளுக்கு, ஊரில் வேபிரிட்ஜ் என்பார்களே, அவற்றுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். லாரி மேடையில் ஏறினால் அடியில் இருக்கும் கருவி எடையை ஒரு சின்னப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து என் ராஜ்ஜியம். எண்ணை வாங்கித் திரையில் காட்டி எடைச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் புரோகிராம். ஊர் ஊராகப் போய் மாட்டிவிட்டு வருவது அவர் வேலை, எழுதுவது என் வேலை. மோகனூர்ப் பக்கம் கரும்பு வண்டி, எருமப்பட்டிப் பக்கம் மக்காச்சோள லாரி, எல்லாம் நான் எழுதியதை நம்பித்தான் மேடை ஏறி இறங்கின. பிள்ளை வயிற்றில் இருந்தபோது, உட்கார்ந்தால் எழ முடியாது என்று சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே எழுதியது அது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, புரோகிராம் இன்னும் ஓடுகிறது.

அந்தப் புரோகிராமுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். உள்ளே இரண்டு பேர் வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தொழிலில் திரெட் என்போம். ஒருவன் எந்நேரமும் கேபிளில் காதை வைத்திருப்பான். எடை மாறினால் "மாறிவிட்டது" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலைத்தான் ஈவன்ட் என்கிறோம். யார் யாருக்கு அந்தச் சேதி வேண்டுமோ அவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைப்பார்கள், வேண்டாதபோது பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இன்னொருவன் திரைக்குச் சொந்தக்காரன். திரையில் ஒரு புள்ளி வைப்பதானாலும் அவன் கைதான் வைக்க வேண்டும். மற்றவன் கை பட்டால் புரோகிராம் விழுந்துவிடும், பாதியில் நின்றுபோகும்.

என் மாமியார் அடுப்படியும் அப்படித்தான். அடுப்பில் அவர் கை மட்டும்தான். நாங்கள் நறுக்கியதையும் அரைத்ததையும் நிலைப்படியில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். "ஒரு அடுப்புக்கு ஒரு கை போதும்" என்பார். புதுப்பெண்ணாக அதற்கு அழுதிருக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்தபோது புத்தகத்தில் பக்கம் பக்கமாக விளக்கியிருந்த விஷயம் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. கேபிளில் காது வைத்துக் கேட்பவன் நிலைப்படியில் கொடுக்க வேண்டும், திரைக்காரன் வாங்கி எழுத வேண்டும். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன்.

வேலை கூடியதும் அவர் ஒரு ஆளைச் சேர்த்தார். வாழப்பாடிப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். வந்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நான் எழுதியதை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போனாள். என் பீரோவைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது. பிறகு பாட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இங்க ஒரு சந்தேகம். சேதி கேக்க யாராச்சும் இருக்காங்களான்னு மொதல்ல பாக்கறீங்க. இருந்தா கூப்பிடறீங்க. பாக்கறதுக்கும் கூப்பிடறதுக்கும் நடுவுல அவங்க எழுந்து போயிட்டா?"

"நடுவுலன்னா எவ்வளவு நேரம்? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நடக்கற சமாச்சாரம் அது."

"அந்த நேரத்துலயும் போகலாம்ல?"

"இத்தன வருசமா யாரும் போகல சாமி" என்றேன்.

என் கணவர் சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. "நல்லாத்தான் கேக்குது" என்றார். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம்தான் அந்த இட்லியும் அந்தச் சுத்தமும்.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்குக் குற்றமாகத் தெரிந்தது. டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பாள். அதுகூட எனக்காக நடிப்பதுபோல இருந்தது. அவள் எழுதியதை அவள் இல்லாதபோது திறந்து பார்த்தேன். அழுக்கு தேடினேன். கிடைக்கவில்லை. அதைவிடக் கொடுமை, இரண்டு இடத்தில் நானே 'அட' என்று சொல்லிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு கோழித் தீவன மில்லில் இருந்து ஃபோன் வரத் தொடங்கியது. காலையில் முதல் லாரி ஏறும்போது புரோகிராம் விழுகிறது. மறுபடி திறந்தால் அன்றைக்கு முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் காலை மறுபடி விழுகிறது. என் கணவர் போய்ப் பார்த்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் பத்து மணி ஆகியிருக்கும், எல்லாம் சமர்த்தாக ஓடும். கேபிளை மாற்றச் சொன்னேன், மாற்றினார். கரண்ட் சரியில்லை என்றேன், எர்த் அடித்துக் கொடுத்தார். எலி கடித்திருக்கும் என்றும் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதில் ஒரு கூடை நிறையச் சிரிப்பு இருந்ததாகத் தோன்றியது.

மில் முதலாளி கடைசியாக என் ஃபோனுக்கே கூப்பிட்டார். "மக்காச்சோளம் வர ஆரம்பிச்சா வாசல்ல லாரி நிக்க எடமிருக்காதுங்க. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லீன்னா கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவரைய வரச் சொல்லீருவேன்." அந்த வட்டாரத்தில் அவர் வைத்ததைத்தான் மற்ற மில்காரர்களும் வைப்பார்கள். அவர் எடுத்துவிட்டால் நான் நின்றுகொண்டு எழுதியது ஒவ்வொரு மேடையாக அழிந்துபோகும். அது பயம். அதற்கு மேல் ஒரு பயம், அதை அவள் காப்பாற்றிவிடுவாளோ என்பது.

அந்த நாள் பார்த்து என் கணவருக்குக் காய்ச்சல். போர்வைக்குள்ளிருந்து, "ரெண்டு பேரும் விடியக் கெளம்பிப் போங்க. மொத லாரி ஏறறப்ப அங்க நிக்கோணும்" என்றார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் கோழிப்பண்ணை வாசம். "அக்கா, மெதுவா போங்க" என்று ஒருமுறை சொன்னாள். வேகத்தைக் கூட்டினேன்.

மில்லில் எடை போடுபவர் புது ஆள், கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் சேர்ந்தவர். அதற்கு முன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். நெற்றி நிறையத் திருநீறு. அவள் லேப்டாப்பைக் கேபிளில் கோத்துவிட்டு, ஓடுகிற எண்களைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே வேலையில்லை. கதவோரம் நின்று அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரையில் எண்ணைக் காட்டும் எடை விண்டோவைத் திறந்தார். காலி மேடை, சைபர் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். வெளியே போய் மேடையின் ஓரத்தில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தார். லாரியின் முன்சக்கரம் மேடையில் ஏறியது. எண்கள் தாறுமாறாக ஓடத் தொடங்கின. அப்போது அவர் இடது கை போகிற போக்கில் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டியது. எடை விண்டோ மூடியது. உடனே திரை நடுவில் ஆங்கிலத்தில் பிழை சொல்லும் ஒரு பெட்டி வந்தது, புரோகிராம் விழுந்தது.

"பாருங்க சாமி, இப்படித்தான் தெனமும் இங்கிலீசுல திட்டுது" என்றார் அவளிடம்.

அவள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பார்க்கவில்லை. "லைன்ல ஒரு தப்பும் இல்லக்கா" என்றாள். முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். நான் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஏனுங்ணா, வண்டி ஏறறப்ப அத ஏனுங்க மூடுனீங்க?"

"பின்ன, சைபர் நின்ன எடத்துலயேவா போணி பண்றது அம்மிணி? சைபரப் பாத்தாச்சு, மூடிரோணும். வண்டி ஏறறப்ப புதுசாத் தொறந்தா நெறஞ்ச எடையா வந்து நிக்குமுங்க. மொத வண்டிக்கு மட்டுந்தான்."

"எங்கூட்டுக்காரர் வந்தப்ப இதச் சொல்லலீங்களா?"

"அவரு வர்றதுக்குள்ள மொத வண்டி போயிருமுங்களே. அதுமில்லாம யாரும் கேக்கலீங்."

எனக்கு அது விநோதமாகவே படவில்லை. எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருக்குது என்போம். ஆனால் அடுத்த நொடி எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆபீஸில் அந்த விண்டோவை எத்தனையோ முறை மூடிப் பார்த்திருக்கிறேன், எடை அசையாத நேரத்தில். எடை அசையாவிட்டால் ஈவன்ட் இல்லை, கூப்பிடும் குரலும் இல்லை. லாரி ஏறும்போதோ குரல் மேல் குரல். அந்த வெள்ளத்தின் நடுவில் இவர் விண்டோவை மூடுகிறார். மூடினால் அந்த விண்டோ தான் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆள் இருக்கிறதா என்று என் புரோகிராம் பார்க்கிறது, இருக்கிறது; கூப்பிடுகிறது, அதற்குள் இல்லை. வந்த முதல் வாரமே அவள் கேட்டாளே, நடுவில் எழுந்து போய்விட்டால் என்று. போயிருக்கிறார்கள். தினமும் காலையில், கற்பூரம் கொளுத்திவிட்டு.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க ஏதாச்சும் பாத்தீங்களாக்கா?"

"நீதான பாத்துக்கிட்டிருந்த" என்றேன்.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் அன்றைக்குக் கேட்டது சரி என்று ஆகிவிடும். வீட்டுக்குப் போனதும் அவள் அவரிடம் சொல்வாள், அவர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது. ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

மதியம் நானே உட்கார்ந்து மாற்றினேன். பெரிய வேலையில்லை. பெயர் கொடுத்தவர்களை முதலில் ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது. பிறகு அந்தப் பிரதியைப் பார்த்துக் கூப்பிடுவது. நடுவில் யார் பெயரை எடுத்தாலும் என் கையில் இருப்பது மாறாது. ஆபீஸில் இருந்தபடியே மில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. நாளைக் காலை ஃபோன் வராது, ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள், நான் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை மில்லில் இருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. அதே மாதிரிப் பெட்டி. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, இது வேற எரர். நேத்து வந்தது இல்ல. யாராச்சும் எதையாச்சும் மாத்துனாங்களா?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். "நாந்தான்" என்றேன். மாற்றியதைக் காட்டினேன். படித்தாள்.

"இது கரெக்ட்தான்க்கா. ஆனா பிரதியில பேர் இருக்கறதால, போனவங்களையும் கூப்பிடுதே. மூடுன விண்டோவப் போய்க் கூப்பிட்டா அது எப்படி எழுதும்?" பிறகு நிமிர்ந்தாள். "விண்டோவ யார் மூடறாங்க?"

பந்தியில் ஆளை எண்ணி வைத்துக்கொண்டு, எழுந்து போனவன் இலையிலும் சோறு வைத்திருக்கிறேன். வேறு வழியில்லை. கற்பூரம், சைபர், போணி, இடது கை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பக்கா பாத்தீங்க?"

"நேத்து."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நேற்று நான் அவளிடம் சொன்ன பதில் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. ஏதாவது கேட்பாள், நான் எகிறலாம் என்று காத்திருந்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் எழுதட்டுமாக்கா?" என்றாள்.

எழுதினாள். நான் சேதியை எடை விண்டோவின் நிலைப்படியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவோ மூடிக்கொண்டிருக்கும் வீடு. புரோகிராமைத் திறந்ததும் வந்து நாள் முழுக்க மூடாமல் இருக்கும் முதல் விண்டோவின் நிலைப்படிக்கு அவள் அதை மாற்றினாள். கேட்பவன் அங்கே கொடுத்துவிட்டு, நிற்காமல் தன் வேலைக்குத் திரும்பிவிடுவான். திரைக்காரன் தன் முறை வரும்போது, எடை விண்டோ இன்னும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பான். இருந்தால் எண்ணை எழுதுவான், இல்லாவிட்டால் கீழே போட்டுவிடுவான். விண்டோவை மூடுவதும் அதே கை, எழுதுவதும் அதே கை. நடுவில் எவரும் நுழைய இடமே இல்லை. என் மாமியார் அடுப்படியை எனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பார்க்கப் பார்க்க எரிந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எங்கள் தொழிலில் ஃபோன் வராமல் இருப்பதற்குப் பெயர்தான் பாராட்டு. காய்ச்சல் விட்டு ஆபீஸுக்கு வந்த என் கணவர், "யாரு புடிச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் சொன்னாள்.

"அக்காதான் சார். அந்தப் பெரியவர் வண்டி ஏறும்போது விண்டோவ மூடறத அக்காதான் பாத்தாங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்து கோட்டை விட்டுட்டேன்."

"பரவால்லியே அம்மிணி" என்றார் அவர். அவ்வளவுதான். ஒரு நாள் மறைத்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. போட்டுக் கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நானும் அவளைக் கோள்மூட்டி என்று திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கோடிங்தான் சுத்தம் என்று பார்த்தால் மனசும் சுத்தமாக இருந்து தொலைத்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? முன்னைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

பிறகு அவளுக்குப் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்தது. போகும்போது எனக்கு ஒரு சுடிதார்த் துணி வாங்கிக் கொடுத்தாள். எனக்குப் பிடித்த நிறம்தான், இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை.

போன வாரம் என் கணவர் அந்தப் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைக்கு மேல் கேமரா மாட்டி, லாரி ஏறியதும் படம் பிடிக்க வேண்டுமாம். எடை மாறும்போது குரல் கொடுக்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பிரதி எடுக்கிற என் வரிகளைத் தாண்டிப் போனார். அதற்குக் கீழே, முதல் விண்டோவின் நிலைப்படிக்கு வந்ததும் நின்றார். மேலும் கீழும் இரண்டு முறை படித்தார்.

"அம்மிணி, இங்க வா. எருமப்பட்டி மில்லுக்குச் சரி பண்ணுனதுதான இது?"

"ஆமாங்க."

"என்ன சுத்தமா எழுதியிருக்குற" என்றார். திரும்பி என் முகத்தையே பார்த்தார். "இத்தன நாளா நான் கவனிக்கவே இல்ல பாரு. இது முழுசும் நீ எழுதுனதா?"

எத்தனை வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. அவர் விரல் திரையில், அவள் எழுதிய வரிமேல் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.